நடவு வயலில் ஒரு கணக்கு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

உழவர் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் தோன்றுபவர் யார்? தலையில் முண்டாசும் தோளில் கலப்பையுமாக நிற்கும் ஓர் ஆண்மகன். தொடக்கப் பள்ளிப் பாடநூல் முதல் சுவரொட்டி வரை நாம் கண்டு பழகிய உருவம் அதுவே. வள்ளுவப் பெருந்தகை உழவுக்கென்றே ஓர் அதிகாரத்தை ஒதுக்கி உழவரைப் போற்றினார். அந்தப் போற்றுதலில் சரிபாதிக்கு உரியவர்கள், சேற்றிலும் களத்து மேட்டிலும் காலமெல்லாம் குனிந்து உழைக்கும் பெண்கள் என்றால் அது மிகையாகாது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு 65 பேர் பயிர்த்தொழிலில் இருந்தனர். சொந்தமாகப் பயிரிடுவோர் என்று பதிவான பெண்கள் சுமார் 3.6 கோடி, பிறர் நிலத்தில் கூலி வேலை செய்வோர் என்று பதிவானவர்கள் சுமார் 6.1 கோடி. ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், சாகுபடியை நடத்துவோர் என்று எழுதப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேரே பெண்கள். வயலில் நிற்கும்போது ஒரு கணக்கு, ஏட்டில் எழுதும்போது வேறு கணக்கு!

வேளாண்மையில் பெண்களின் உற்பத்தித் திறனை உயர்த்த வேண்டும் என்று மேடைகளில் பேசுகிறார்கள், கருத்தரங்குகள் நடத்துகிறார்கள். நல்ல நோக்கம்தான். ஆயினும் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு என் தாயாரின் முகமே நினைவுக்கு வரும். இன்னும் எப்படி அவர் உழைப்பை உயர்த்துவது? எந்த மணி நேரத்தை இன்னும் பிழிவது? இந்தக் கேள்விக்கு என் சிற்றறிவுக்கு எட்டிய விடையைத்தான் இங்கே எழுத முனைகிறேன்.

எங்கள் ஊரும் எங்கள் வீடும்

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணிக்கு அருகில் உள்ளது எங்கள் பெரணமல்லூர். 1989 வரை இது வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தது. ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் கலந்த பூமி. கழனியில் நெல், கொல்லையில் மல்லாட்டை. வேர்க்கடலை என்று புத்தகத்தில் படிப்பதை நாங்கள் மல்லாட்டை என்றே சொல்வோம். வேளாண்மையோடு இன்னொரு தொழிலும் எங்கள் பகுதியின் மூச்சு. அதுதான் பட்டு நெசவு. ஆரணிப் பட்டு என்றால் அறியாதவர் இல்லை. ஆரணி நகரத்துக்குள் இருந்த தறிகள் நாளடைவில் சுற்று வட்டாரச் சிற்றூர்களுக்கும் பரவின. மழை பொய்த்தாலும் தறி ஓடும் என்ற நம்பிக்கையில், ஏர் பிடித்த ஆண்கள் பலர் தறிக்குழியில் இறங்கினர்.

என் தந்தையார் அவர்களில் ஒருவர். முதலாளியிடம் பாவும் ஊடையும் வாங்கி வந்து, கூலிக்குச் சேலை நெய்து கொடுக்கிறார். எங்களுக்குக் கழனி அறுபது சென்ட். கொல்லை ஒரு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அப்பா தறியில் அமர்ந்தபின், இந்த நிலம் முழுவதும் அம்மாவின் பொறுப்பாயிற்று. விதைப்பது எப்போது, நீர் பாய்ச்சுவது எப்போது, ஆள் விடுவது எத்தனை பேர் என்பதெல்லாம் அவர் முடிவுதான். இடையில் பிறர் கழனிக்கும் நடவுக்குப் போவார். விடியற்காலை நான்கு மணிக்குச் சாணம் தெளிப்பதில் தொடங்கும் நாள், இரவு அப்பாவின் தறிக்குத் தார் சுற்றி முடிக்கும்போது பத்து மணி ஆகிவிடும். எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்பின் படி ஏறிய முதல் ஆள் நான். முதலாண்டு நான் கட்டிய தேர்வுக் கட்டணம், நவரைப் பட்டத்தில் அம்மா நட்டுச் சம்பாதித்த கூலி. ஆகவே உற்பத்தித் திறன் என்பது எனக்கு வெறும் பாடநூல் சொல் அன்று.

இரண்டு வினாடிக்கு ஒரு குத்து

சென்ற நவரைப் பட்டத்தில் நானும் அம்மாவோடு ஒரு நடவுக்குப் போயிருந்தேன். ஒரு ஏக்கர் கழனியில் பன்னிரண்டு பெண்கள் இறங்கினோம். நட்டுக்கொண்டே மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டேன்.

20 செ.மீ.க்கு 15 செ.மீ. இடைவெளி விட்டு நட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 33 குத்துகள் வரும். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். பெருக்கினால் ஒரு லட்சத்து முப்பத்து மூவாயிரத்துக்கும் மேல். அதைப் பன்னிரண்டு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்குப் பதினோராயிரம் குத்துகள்! எங்கள் பக்கத்தில் கயிறு பிடித்து நடுவது குறைவு. ஆகையால் கணக்கு முன்னே பின்னே இருக்கலாம். ஆனாலும் கஞ்சி குடிக்கும் நேரம் நீங்கலாக ஆறு மணி நேர வேலை என்று வைத்துக்கொண்டால், இரண்டு வினாடிக்கு ஒரு முறை விரல் சேற்றில் இறங்கி எழுகிறது. என் கை அதில் பாதி வேகத்துக்குக்கூட எட்டவில்லை. இந்த ஆறு மணி நேரமும் முதுகு நிமிராது. நிமிர்ந்தால் பக்கத்து ஆள் முன்னே போய்விடுவார்.

கணக்கை அம்மாவிடம் சொன்னேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கணக்கு அப்புறம் போட்டுக்கலாம். நாத்து வாடுது, அந்தக் கட்ட எடுத்துப் போடு" என்றார். பக்கத்தில் நின்ற பெரியம்மா மட்டும், "பதினோராயிரமா? அதான் ராவுல இடுப்பு அந்தக் கணக்கச் சொல்லுது" என்று சிரித்தார்.

இரண்டு வினாடிக்கு ஒரு குத்து நடுகிற கையைப் பார்த்து, இன்னும் வேகமாக நடு என்று சொல்ல எந்த நிபுணருக்கும் வாய் வராது. எனவே திறனை உயர்த்துவது என்றால் அந்தக் கையை விரட்டுவது ஆகாது. அந்தக் கையில் நல்ல கருவி இருக்க வேண்டும்; அந்தச் செவியில் செய்தி நேரே விழ வேண்டும்; அந்தப் பெயர் ஏட்டில் ஏற வேண்டும். இம்மூன்றும் இல்லாததால் வீணாகும் உழைப்பே பெரிது.

கருவி யாருக்கு வந்தது?

எங்கள் பழைய வட ஆற்காடு மாவட்டம் ஆராய்ச்சியாளர்களுக்கு மிகவும் பழக்கமான மண். பசுமைப் புரட்சி சிற்றூர்களில் என்ன செய்தது என்று அறிய, 1970களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தாரும் சென்னைப் பல்கலைக்கழகத்தாரும் இங்கே வந்து ஆராய்ந்தனர். 1980களில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வாஷிங்டனில் உள்ள பன்னாட்டு உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து இதே பகுதியில் மீண்டும் ஆராய்ந்தன. புதிய நெல் வகைகள், உரம், மின் மோட்டார் ஆகியவை வந்து விளைச்சலைக் கூட்டிய கதை அந்த நூல்களில் உள்ளது.

நான் எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டறிந்தது வேறொரு செய்தி. மாட்டைக் கட்டிக் கவலை இறைத்தது ஆண்கள். அந்த இடத்தில் மின் மோட்டார் வந்தது. ஏர் ஓட்டியது ஆண்கள். அந்த இடத்தில் டிராக்டர் வந்தது. நாற்று நட்டதும் களை எடுத்ததும் மல்லாட்டை ஆய்ந்ததும் பெண்கள். அந்த இடத்தில் நெடுங்காலம் எதுவும் வரவில்லை. மாறாக, நீர் கூடிப் பட்டம் கூடியதால், குனிய வேண்டிய நாட்களே கூடின.

கருவியே இல்லாமல் இல்லை. 1950களில் ஜப்பானிய முறை நெல் சாகுபடி பரப்பப்பட்டபோதே, வரிசை நடவும் உருளைக் களைக்கருவியும் பேசப்பட்டன. பின்னர், 1980களில் மடகாஸ்கர் தீவில் ஹென்றி டி லாலனி என்ற பாதிரியார் உருவாக்கிய முறை, திருந்திய நெல் சாகுபடி என்ற பெயரில் தமிழகத்துக்கு வந்தது. 14 நாள் வயதான இளநாற்றை ஒற்றையாக, சதுரத்துக்குச் சதுரம் 25 செ.மீ. இடைவெளியில் நட வேண்டும். வழக்கமான நடவுக்குக் குறுகிய கால நெல் ஏக்கருக்கு 24 கிலோ விதை வேண்டும். இதற்கு மூன்று கிலோ போதும். சதுர மீட்டருக்கு 16 குத்துகள்தாம் என்பதால், நான் சொன்ன பதினோராயிரம் இங்கே ஐயாயிரத்து நானூறாகக் குறைகிறது. நேரம் அப்படியே பாதியாகிவிடாது. இளநாற்றை வேர் கலங்காமல் வைக்கப் பொறுமை வேண்டும். விளைச்சலும் எல்லா மண்ணிலும் ஒன்றுபோல் கூடுவதில்லை. எனினும் குனிவது குறைகிறது.

இதில் களை எடுக்கும் முறைதான் முக்கியமானது. நட்ட பத்தாம் நாள் தொடங்கிப் பத்து நாட்களுக்கு ஒரு முறை, கூம்பு வடிவ உருளைகள் கொண்ட கோனோ களைக்கருவியை வரிசைகளுக்கு இடையே நின்றபடியே உருட்ட வேண்டும். களை சேற்றில் அமுங்கி எருவாகும். வேருக்குக் காற்றும் கிடைக்கும். உட்கார்ந்தும் குனிந்தும் பிடுங்கிய வேலை, நிமிர்ந்து நடக்கும் வேலையாகிறது.

எங்கள் தெருவில் ஒருவர் கழனிக்கு இந்தக் கருவி வந்தது. அம்மா ஆசையோடு வாங்கி இரண்டு வரிசை ஓட்டினார். பிறகு வரப்பில் சாய்த்துவிட்டார். காரணம் எளியது. கைப்பிடி அவருடைய மார்பு உயரத்துக்கு இருந்தது. தோளால் தள்ள வேண்டியிருந்தது. எடையும் மிகுதி. நம் நாட்டுப் பெண்கள் சராசரியாக ஆண்களைவிட ஏறக்குறைய ஐந்து அங்குலம் உயரம் குறைந்தவர்கள். ஆணின் உயரத்துக்குச் செய்த கருவியைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, பெண்கள் புதுமையை ஏற்பதில்லை என்று குறை சொல்வது நியாயமா?

இதை உணர்ந்த அறிஞர்களும் இருக்கிறார்கள். 1996-ல் புவனேஸ்வரத்தில் வேளாண் பெண்களுக்கென்றே ஒரு தேசிய ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. உழவுத் தொழிலில் உள்ள ஆண், பெண் இருவரின் உயரத்தையும் கை வலிமையையும் அளந்து, அதற்கேற்பக் கருவிகளை மாற்றும் பணி பல வேளாண் பொறியியல் நிலையங்களில் நடந்துள்ளது. எடை குறைந்த ரம்பப் பல் அரிவாள் அப்படிப்பட்டது. மல்லாட்டை ஆய்வதற்கு ஒரு சட்டம் உண்டு. நான்கு பக்கமும் சீப்புப் பல் போன்ற தகடு பொருத்தியிருக்கும். நான்கு பெண்கள் சூழ நின்று, செடியைப் பற்றி அதில் இழுத்தால் காய் உதிர்ந்துவிடும். மோட்டார் வேண்டாம், டீசல் வேண்டாம். ஊர்க் கொல்லரே செய்துவிடலாம். அப்படிப்பட்ட ஒன்றை எங்கள் பக்கத்துக் கொல்லைகளில் நான் இதுவரை கண்டதில்லை. இன்றும் விரல் நுனி வெடிக்க வெடிக்கத்தான் காய் ஆய்கிறார்கள்.

செய்தி யார் செவியில் விழுந்தது?

இரண்டாம் ஆண்டு வகுப்பில் வேர்க்கடலையைப் பற்றிப் படித்தோம். பூ தரைக்கு மேலே பூக்கிறது; கருவுற்றபின் அதன் அடியிலிருந்து ஒரு விழுது நீண்டு மண்ணுக்குள் இறங்கி, அங்கே காயாகிறது. காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர் அவ்வளவாகக் கொண்டு தருவதில்லை. விழுதும் காயும் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தாமே உறிஞ்சுகின்றன. ஆசிரியர் கரும்பலகையில் படம் வரைந்தபோது, எங்கள் கொல்லையே அங்கு வந்ததுபோல் இருந்தது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது தெரியாதா? பூ எறங்கி மண்ணத் தொட்டுச்சின்னா கொத்து போடக் கூடாது, விழுது அறுந்துரும்னு எங்க அம்மாவே சொல்லிக்கினு இருக்கும்" என்றார். நாற்பத்தைந்து நாளுக்குப் பிறகு செடியைக் கலைக்காதே என்று வேளாண் நூல் எழுதுவதை என் பாட்டி எழுத்தறியாமலே அறிந்திருந்தார். ஆனால் அந்தச் சுண்ணாம்புச் சத்துக்காக ஜிப்சம் இட வேண்டும் என்பது மட்டும் அம்மாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. பாசனப் பயிருக்கு ஏக்கருக்கு 160 கிலோ, நாற்பதிலிருந்து நாற்பத்தைந்து நாளுக்குள் இட்டு, கொத்தி, மண் அணைக்க வேண்டும் என்பது பரிந்துரை.

இத்தனைக்கும் எங்கள் ஊரில் அதைப் பற்றிக் கூட்டம் நடக்காமல் இல்லை. நடந்தது. நிலம் ஆண்கள் பெயரில் இருப்பதால் அழைப்பு ஆண்களுக்குப் போயிற்று. என் தந்தையார் தறியை நிறுத்திவிட்டுப் போய்க் கேட்டு, வீட்டுக்கு வந்து மறுபடி தறியில் அமர்ந்தார். கேட்டவர் கையில் நாடா. களைக்கொத்து பிடித்த கைக்குச் செய்தி வரவில்லை. இது அவர் குற்றமன்று. வேலை செய்பவரை விட்டுவிட்டு, வேலை செய்யாதவருக்குப் பாடம் நடத்திய முறையின் குற்றம். சென்ற கார்த்திகைப் பட்டத்தில் கொல்லையின் ஒரு பாதிக்கு மட்டும் ஜிப்சம் வாங்கி இட்டோம். அந்தப் பாதியில் பொக்குக் காய் குறைந்ததை உரித்துப் பார்த்த அம்மாவே சொன்னார். அடுத்த பட்டத்துக்கு முழுக் கொல்லைக்கும் இடுவதாகத் திட்டம்.

பெண்களிடம் நேரே போனால் செய்தி எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கும் எங்கள் தெருவிலேயே சான்று உண்டு. 1986-ல் டென்மார்க் நாட்டு டானிடா நிறுவனத்தின் உதவியோடு, தமிழகத்தில் வேளாண் மகளிர் பயிற்சித் திட்டம் தொடங்கியது. டான்வா என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். பெண் வேளாண் அலுவலர்கள் கிராமத்துக்கே வந்து ஐந்து நாள் பயிற்சி தந்தார்கள். கற்றுக்கொண்டவர் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குக் கற்றுத்தர வேண்டும் என்பது ஏற்பாடு. எங்கள் தெருப் பாட்டி ஒருவர் இளம் வயதில் அந்தப் பயிற்சிக்குப் போனவர். விதை நெல்லைத் தேர்ந்தெடுக்க அவர் இன்றும் முட்டை வைத்துப் பார்க்கிறார். பத்து லிட்டர் நீரில் ஒன்றரைக் கிலோ அளவுக்கு உப்பைக் கரைத்து, ஒரு முட்டையைப் போடுவார். முட்டையின் தலை நாலணா அளவு மேலே தெரிந்தால் கரைசல் பதம். அதில் விதையைக் கொட்டினால் பதரும் அரைகுறையும் மிதக்கும். திரண்ட விதை அடியில் தங்கும். அதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி விதைக்க வேண்டும். அவரிடமிருந்து என் அம்மா கற்றார், அம்மாவிடமிருந்து நான். ஐந்து நாள் பாடம் மூன்று தலைமுறையைத் தொட்டுவிட்டது.

பெயர் ஏறாத ஏடு

கருவியும் செய்தியும் வந்துவிட்டால் போதுமா? போதாது. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதுதான் கடினமானது.

எங்கள் நிலத்தின் பட்டா இன்னும் தாத்தாவின் பெயரில் இருக்கிறது. அவர் மறைந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இடையே பாகம் பிரியவில்லை. ஒரு முறை பயிர்க்கடன் கேட்டு அம்மா ஓர் அலுவலகத்துக்குப் போனார். வயலின் ஒவ்வொரு வரப்பையும் அறிந்த அவரிடம், "வீட்டுக்காரர வரச் சொல்லும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். 2019 முதல் உழவர் குடும்பத்துக்கு மத்திய அரசு வழங்கும் ஆண்டுக்கு 6,000 ரூபாயும் நிலம் பெயரில் உள்ளவருக்கே உரியது. கடன் இல்லை, ஆகையால் ஜிப்சம் பாதிக் கொல்லைக்குத்தான். நன்கு கவனியுங்கள். என் தாயாரின் திறன் குறைந்தது அறியாமையாலும் அன்று, சோம்பலாலும் அன்று. கையெழுத்திடும் உரிமை இல்லாமையால்.

அம்மா பிறந்த வீட்டிலும் நிலம் உண்டு. தமிழக அரசு 1989 மார்ச் 25 முதல் செல்லும்படி இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அதுவரை மணமாகாத மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கை வழங்கியது. 2005-ல் மத்திய அரசும் நாடு முழுமைக்கும் மகள்களின் பங்கை உறுதி செய்தது. அம்மாவின் திருமணம் 2000க்குப் பிறகு நடந்தது. சட்டப்படி அவருக்குப் பங்கு உண்டு. சென்ற தை மாதம் என் மாமன்மார் வந்திருந்தார்கள். அன்பானவர்கள், எனக்குப் பாவாடை சட்டை எடுத்துக் கொடுத்து வளர்த்தவர்கள். விடுதலைப் பத்திரத்தில் ஒரு கையெழுத்துப் போட்டுவிடு என்று தங்கையிடம் கேட்டார்கள். அம்மா காப்பி போட்டுக் கொடுத்தார். "அறுப்பு முடியட்டும் அண்ணா, பாக்கலாம்" என்றார்.

அன்றிரவு தார் சுற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "போட்டுட்டா அண்ணன் வூட்டு வாசல மிதிக்கலாம். போடலன்னா நாளைக்கு உன் கல்யாணத்துக்கு யாரு தாய்மாமன் சீரு எடுத்தாருவாங்க? நெலம் பெருசா, சனம் பெருசா சொல்லு." என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எந்தப் பாடநூலிலும் அதற்கு விடை இல்லை. அறுப்பு முடிந்துவிட்டது. பத்திரம் எங்கள் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. அம்மா இன்னும் கையெழுத்திடவில்லை, மறுக்கவும் இல்லை. இப்படிப்பட்ட பத்திரங்கள் எத்தனை எத்தனை வீட்டுப் பெட்டிகளில் கிடக்கின்றனவோ!

வேளாண் அறிஞர் எம்.எஸ். சுவாமிநாதன் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது, பெண் உழவரின் உரிமைகளுக்காக ஒரு தனிநபர் மசோதாவை 2012-ல் கொண்டுவந்தார். நிலம் பெயரில் இல்லாவிட்டாலும், பயிரிடும் பெண்ணுக்கு உழவர் என்று சான்றளிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அது சட்டமாகவில்லை.

மிஞ்சும் நேரம் யாருடையது?

கருவி வந்தால் கூலி வேலை செய்யும் பெண்ணின் வயிற்றில் அடிக்காதா என்று தோழியர் சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. எங்கள் பக்கம் அறுப்பு மிஷின் வந்தபோது அதுதான் நடந்தது. கதிர் அறுத்து நெல்லாகக் கூலி வாங்கிய பெண்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மிஷினுக்கு உடையவர் ஆண், ஓட்டுபவர் ஆண். நேரம் மிஞ்சியது நிலக்காரருக்கு. வேலை போனது பெண்ணுக்கு.

1976-ல் சம வேலைக்குச் சம ஊதியச் சட்டம் வந்தது. ஆனால் நடவு பெண் வேலை, ஏர் ஆண் வேலை என்று முன்கூட்டியே பிரித்துவிட்டபின், சம வேலை என்ற சொல்லுக்கு எங்கே இடம்? 2005-ல் சட்டமான நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று வந்தபோதுதான், தங்கள் ஒரு நாளுக்கும் ஒரே விலை உண்டு என்பதை எங்கள் ஊர்ப் பெண்கள் கண்ணால் கண்டார்கள்.

ஆகவே கருவி வர வேண்டும். அது பெண்களின் கைக்கு உடைமையாக வர வேண்டும். நாள் கூலிக்குப் போகிறவர் வேகமாக வேலை செய்தால் லாபம் நிலக்காரருக்கு. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு சேர்ந்து போகிறவர்கள் வேகமாகச் செய்தால் லாபம் அவர்களுக்கே. இப்போது எங்கள் ஊரில் நடவுக்கு அப்படிப் பேசும் வழக்கம் பெருகி வருகிறது. 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று இல்லாத ஊரில்லை. அந்தக் குழுவே பத்துக் களைக்கருவியும் இரண்டு காய் ஆயும் சட்டமும் வாங்கி வைத்துக்கொண்டு ஏக்கர் கணக்கில் வேலை பேசினால், மிஞ்சும் நேரம் அவர்களுடையதாகும். கருவியின் கைப்பிடி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று கொல்லரிடம் சொல்பவர்களும் அவர்களாகவே இருப்பார்கள்.

மாணவர்களாகிய நாம்

உலக உணவு வேளாண் அமைப்பு 2011-ல் வெளியிட்ட அறிக்கை ஒரு கணக்கைச் சொல்கிறது. ஆண்களுக்குக் கிடைக்கும் அதே வசதிகள் பெண்களுக்கும் கிடைத்தால், அவர்கள் வயலின் விளைச்சல் நூற்றுக்கு 20 முதல் 30 வரை கூடும். உலகில் பசித்திருப்போர் தொகை 10 கோடி முதல் 15 கோடி வரை குறையும். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2026ஆம் ஆண்டைப் பன்னாட்டுப் பெண் உழவர் ஆண்டாக அறிவித்தது. ஆண்டுகள் வரும், போகும். அவற்றால் எங்கள் தெருவில் என்ன மாறியது என்பதே கேள்வி.

நம் போன்ற அரசு கல்லூரி மாணவ மாணவியரில் பலர் வயலிலிருந்து வந்தவர்கள். நம் வகுப்பில் எத்தனை பேரின் தாயார் நடவுக்குப் போகிறவர் என்று கேட்டால், கைகள் உயரும் என்பதை நான் அறிவேன். ஆகையால் நம் நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். ஏழு நாள் முகாமில் கோயில் குளத்தைத் தூர்வாருகிறோம், சாலையோரம் மரம் நடுகிறோம், நல்லது. அவற்றோடு மூன்று வேலைகளைச் சேர்த்துக்கொள்வோம். இயற்பியல் மாணவர்கள் அளவு நாடாவோடு போய், ஊர்ப் பெண்களின் உயரத்துக்குக் களைக்கருவியின் கைப்பிடி பொருந்துகிறதா என்று அளந்து, ஊர்க் கொல்லரைக் கொண்டே மாற்றித் தரட்டும். தாவரவியல் மாணவர்களாகிய நாங்கள் உப்புக் கரைசலையும் ஜிப்சத்தையும் பெண்கள் கூடும் இடத்தில், அவர்கள் ஓய்ந்திருக்கும் நேரத்தில், செய்து காட்டுகிறோம். வரலாறு, பொருளியல் மாணவர்கள் பட்டா, சிட்டா, வாரிசுரிமைச் சட்டம் ஆகியவற்றை எளிய தமிழில் படித்துக் காட்டட்டும். கையெழுத்துப் போடு என்றோ போடாதே என்றோ சொல்வது நம் வேலையன்று. எதில் கையெழுத்திடுகிறோம் என்று அறிந்து இடும்படி செய்வது நம்மால் முடியும்.

இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. ஓர் அளவு நாடா, ஒன்றரைக் கிலோ உப்பு, ஒரு முட்டை, சட்டத்தை வாசிக்கத் தெரிந்த ஒரு நாக்கு, இவை போதும். இந்த ஆண்டு முகாமை எந்த ஊரில் நடத்தலாம் என்று பேச்சு நடப்பதாக அறிகிறேன். பெரணமல்லூருக்கு வாருங்கள். தங்க இடமும் உண்ணக் கூழும் எங்கள் தெருப் பெண்கள் தருவார்கள். நவரை நடவுக்கு முன்பே வந்தால் நல்லது. நடவு தொடங்கிவிட்டால் நின்று பேச அவர்களுக்கு நேரம் இராது.